ஒரே தாளத்தில் நூறு துடுப்புகள்

கிறிஸ்தவ விசுவாசத்தை விளையாட்டைக் கொண்டு விளக்கும் வழக்கம் பவுலின் கடிதங்களிலேயே தொடங்கிவிட்டது. அவர் காட்டியது ஓட்டக்காரனையும் குத்துச்சண்டைக்காரனையும். தமிழ்ப் பிரசங்கங்களில் இன்றும் அடிக்கடி வருபவன் அந்த ஓட்டக்காரன்தான்: பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல், இலக்கை நோக்கி ஓடுகிறவன். கேரளத்தின் காயல்கரைகளில் அவனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு விளையாட்டு இருக்கிறது. அது வள்ளங்களி, அதாவது படகுப் போட்டி. ஓட்டக்காரன் தனியாக ஓடலாம். வள்ளத்தைத் தனியாக யாரும் ஜெயிக்க வைக்க முடியாது. விசுவாசி தன்னை எப்படி அடக்கி ஆள வேண்டும் என்பதற்கு ஓட்டக்காரன் போதும். திருச்சபை என்றால் என்ன என்று கேட்பவருக்கு வள்ளம்தான் கூடுதலாகச் சொல்லும்.

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் இந்த உவமைகள் எல்லாம் வந்து சேரும் கரை. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தை மணலால் மூடி, கொச்சியில் புதிய கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். வணிகம் தெற்கே நகர்ந்தது; கொடுங்கல்லூர்ப் பக்கத்து யூதர்களும் பிற்பாடு நகர்ந்தார்கள். கொச்சி அரசர் தம் அரண்மனைக்கு ஒட்டியே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1568இல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த செப்பேடுகள் அங்கேதான் காக்கப்பட்டு வந்தன. அப்போஸ்தலர் தோமா கி.பி. 52இல் முசிறியில் வந்திறங்கி முதலில் அங்கிருந்த யூதர்களிடம்தான் பேசினார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் மரபு. பவுலும் யூதர், போன ஊர்களில் பெரும்பாலும் முதலில் ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தவர். ஆக, யூத வேதத்தில் வளர்ந்த மனம் கிரேக்க மைதானத்தைப் பார்த்துச் சொன்ன உவமை, மிளகுக் கப்பல்கள் வந்த அதே கடல்வழியில் இந்தக் கரைக்கும் வந்தது. ஜூ டவுனையும் அதையொட்டிய கடைத்தெருவையும் வாழவைத்தது காயல்தான். மிளகும் இஞ்சியும் ஏலமும் கட்டுவள்ளங்கள் என்ற சரக்குப் படகுகளில் வந்து இறங்கின. இங்கே துடுப்பு முதலில் பிழைப்பு. விளையாட்டு என்பது அதற்குப் பிறகு வந்தது.

சுண்டன் வள்ளம் எனப்படும் பாம்புப் படகு, போருக்காகப் பிறந்தது. காயங்குளத்தோடு மோதிய செம்பகச்சேரி அரசருக்காகக் கொடுப்புன்ன வெங்கிடநாராயணன் ஆசாரி அந்த வடிவத்தை உருவாக்கினார் என்பது வழிவழிச் செய்தி. ஆஞ்சிலி மரத்தில் செய்யப்படும் வள்ளத்தின் நீளம் பெரும்பாலும் 100 அடிக்கு மேல். அகலமோ, இரண்டு பேர் அருகருகே உட்காரும் அளவுதான். பின்பக்கமான அமரம் பாம்பின் படம்போல நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும். அங்கே நாலைந்து அமரக்காரர்கள் நீண்ட துடுப்புகளால் திசையைப் பிடிக்கிறார்கள். நடுவில் வெடித்தடி என்ற மேடை. ஒரு காலத்தில் பீரங்கி நின்ற இடம் அது. இப்போது அங்கே நிலைக்காரர்கள் நின்று, கனத்த கட்டையால் பலகையில் இடித்துத் தாளம் கொடுக்கிறார்கள். மற்றவர்கள், எண்பது பேரோ நூறு பேரோ, துழைகிறவர்கள், அதாவது துடுப்புப் போடுகிறவர்கள். கொச்சி வட்டாரத்தில் சுண்டனைவிடச் சிறிய இருட்டுக்குத்தி வள்ளங்களின் போட்டிகளும் நடக்கின்றன. இருட்டைக் குத்திக்கொண்டு ஓசையில்லாமல் போவதால் வந்த பெயர் அது. லத்தீன் கத்தோலிக்கர் நிறைந்த, சவிட்டு நாடகத்துக்குப் பெயர்போன கோதுருத்துத் தீவிலும் வள்ளங்களி உண்டு. வள்ளங்களிகளில் பெயர்பெற்ற நேரு கோப்பைப் போட்டிகளில் கொல்லம் ஜீசஸ் போட் கிளப் துழைந்திருக்கிறது. புனிதர்களின் பெயர் தாங்கிய வள்ளங்களும் உண்டு.

வள்ளத்தின் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பலசாலி ஒருவன் மற்றவர்களை முந்திக்கொண்டு ஒரு கணம் முன்னால் துடுப்பை இறக்கினால், அவன் பலம் வள்ளத்துக்கு உதவாது, வள்ளத்தை உலுக்கிவிடும். பின்னால் இருப்பவனின் துடுப்பில் இடிக்கும், தாளம் உடையும், நூறு பேரின் உழைப்பும் ஒரு சுற்றுக்கு வீணாகும். துடுப்பை நீருக்குள் இழுக்கும் நேரம் மட்டுமே வேகம் என்று புதியவர் நினைப்பார். நீரைவிட்டு வெளியே எடுத்து, அடுத்த வீச்சுக்கு முன்னால் கொண்டுபோகும் அந்தச் சிறு இடைவெளியும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் வள்ளம் வழுக்கிக்கொண்டு ஓடும். கொரிந்து சபைக்கு பவுல் சொன்ன சரீர உவமை இதற்கு மிக நெருக்கமானது. கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது என்ற அதே கடிதத்தில்தான் ஓட்டக்காரனும் வருகிறான். ஒன்பதாம் அதிகாரத்து ஓட்டக்காரனைப் பன்னிரண்டாம் அதிகாரத்துச் சரீரத்தோடு சேர்த்து வாசிக்காவிட்டால் பாதிப் பாடம்தான் கிடைக்கும். பக்தியில் வேகமாக இருப்பவர் தாமதமாக வருகிறவரை விட்டுவிட்டு ஓடுவதை ஓட்டக்காரன் உவமை தடுப்பதில்லை. வள்ளம் தடுக்கும்.

வரவேற்பைப் பெற்ற ஒரு விளக்கத்தை இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் தம்மையும் தம் உடன் ஊழியரையும் குறிக்க ‘ஹுப்பெரெத்தேஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். தமிழ் வேதாகமம் அதை ஊழியக்காரர் என்கிறது. சொல்லைப் பிரித்தால் ‘கீழே தண்டு வலிப்பவன்’ என்று பொருள் வரும். மூன்றடுக்குப் போர்க்கப்பலின் அடித்தட்டில், வெளிச்சம் படாமல், மேலே அடிக்கும் தாளத்தை மட்டும் கேட்டுத் தண்டு வலிக்கும் அடிமையைப் பிரசங்கிகள் இந்தச் சொல்லிலிருந்து உருக்கமாக வரைவார்கள். படம் அழகானது, ஆனால் பவுலின் காலத்தில் அந்தச் சொல் கப்பலை விட்டு எப்போதோ கரையேறிவிட்டது. உதவியாளர், சேவகர் என்ற சாதாரணப் பொருளில்தான் அது வழங்கியது. ஜெப ஆலயத்தில் சுருளை எடுத்துக் கொடுப்பவரையும் லூக்கா இதே சொல்லால்தான் குறிக்கிறார். அதே கடிதத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் ‘குபெர்னேசிஸ்’ என்ற சொல்லில் கப்பல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அது சுக்கான் பிடிக்கும் திறமையைக் குறிக்கும் சொல். சபையை நடத்தும் வரத்துக்கு பவுல் தேர்ந்தெடுத்தது அமரக்காரனின் தொழிற்சொல்லை. சுண்டன் வள்ளத்தில் அமரக்காரன் கடைசியில் நிற்கிறான். வழிநடத்துகிறவன் முன்னால் நின்று இழுத்துப் போவதில்லை. எல்லாருடைய முதுகையும் பார்த்தபடி பின்னால் நின்று திசையைக் காக்கிறான். ஊர்ப்பெரியவர்களும் ஆயர்களும் யோசிக்க வேண்டிய நிலை அது.

துழைகிறவர்களின் பார்வையும் கவனத்துக்குரியது. ஆங்கிலேயர் முறைப் படகோட்டத்தில் தண்டு வலிப்பவர்கள் பின்னோக்கி உட்காருவார்கள். போகுமிடத்தைப் பார்ப்பவர் திசை சொல்பவர் ஒருவரே. காணாமல் நம்புவது என்பதற்கு அதைச் சான்று காட்டும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டு. வள்ளத்தில் எல்லாரும் முன்னோக்கித்தான் உட்காருகிறார்கள். ஆனாலும் நடுவில் இருப்பவனுக்கு இலக்கு தெரியாது. அவனுக்குத் தெரிவது முன்னால் இருப்பவனின் முதுகும் தோளும்தான். முதல் வரிசைக்காரர்களின் வீச்சு ஒவ்வொரு முதுகாகத் தாண்டிக் கடைசி வரை வந்து சேர்கிறது. பெரும்பாலான விசுவாசிகளுக்கும் விசுவாசம் இப்படித்தான் வந்தது: தரிசனம் கண்டவர்கள் சிலர், பாட்டியின் ஜெபத்தைப் பார்த்து ஜெபிக்கக் கற்றவர்களே அதிகம். எபிரெயர் கடிதத்தில் சாட்சிகள் மேகம்போலச் சூழ்ந்து நின்று ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். வள்ளத்தில் அந்தச் சாட்சிகள் கரையில் இல்லை. நிலைக்காரர்களாக வள்ளத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். அவர்களுடைய எடையும் சேர்ந்துதான் வள்ளத்துக்குப் பாரம். அந்தப் பாரத்தைத் துழைகிறவர்கள் விரும்பித்தான் ஏற்றிக்கொள்கிறார்கள். இடித்தாளம் இல்லாமல் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை.

சுவிசேஷங்களில் துடுப்பு வரும் இடம் வெற்றிக் காட்சி அல்ல. கலிலேயாக் கடலில் எதிர்காற்றில் சீடர்கள் தண்டு வலித்து அலைக்கழிந்தார்கள். மாலையில் புறப்பட்டவர்கள் இரவின் நான்காம் ஜாமம் வரை போராடியும் கடந்தது ஐந்து கிலோமீட்டர் அளவுதான் என்பது யோவானின் கணக்கிலிருந்து தெரிகிறது. 1986இல் வறட்சியில் நீர் வற்றியபோது அதே ஏரியின் சேற்றில் அக்காலத்துப் படகு ஒன்று கிடைத்தது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் இரண்டேகால் மீட்டர் அளவு. சுண்டனின் மூன்றில் ஒரு பங்கு நீளம்கூட இல்லாத அப்படிப்பட்ட ஒரு மரப்படகில்தான் அந்த இரவு கழிந்தது. அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரமும் மறக்கக் கூடாதது. ரோமுக்குப் போகும் வழியில் புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். மாலுமிகள் மட்டும் சிறு படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் யாருமே பிழைக்க முடியாது என்று பவுல் நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தார். கப்பல் உடைந்தது, ஆள் ஒருவரும் சாகவில்லை.

கேரளத்தில் வள்ளங்களிக்கும் கிறிஸ்தவர்களுக்கும் உள்ள உறவைச் சொல்ல சம்பக்குளத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள மூலம் வள்ளங்களி மிதுன மாதத்து மூல நாளில், நம் ஆனியில், நடக்கிறது. மரபு 1545ஆம் ஆண்டைச் சொல்கிறது. செம்பகச்சேரி அரசர் பூராடம் திருநாள் தேவநாராயணன் அம்பலப்புழைக் கோயிலுக்காகக் குறிச்சியிலிருந்து கிருஷ்ண விக்கிரகத்தை வரவழைத்தார். கொண்டு வந்தவர்கள் இரவாகிவிட்டதால் சம்பக்குளத்தில் தங்க வேண்டியதாயிற்று. தங்கியது மாப்பிளச்சேரி என்ற கிறிஸ்தவ வீட்டில். மறுநாள் அரசரே வந்தார். ஊரார், அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள், வள்ளங்களை அலங்கரித்து விக்கிரகத்தை வழியனுப்பினார்கள். அந்த ஊர்வலத்தின் நினைவே போட்டியாயிற்று. விக்கிரகம் வைத்த இரவில் ஏற்றிய விளக்கு அந்த வீட்டில் இன்றும் எரிகிறது என்பார்கள். பக்கத்துவீட்டானை நேசிப்பது என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஒரு காட்சியைக் கேரளத் திருச்சபை வரலாற்றில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். தன் விசுவாசத்தை விடாமலே அடுத்தவரின் தெய்வத்துக்குக் கூரை கொடுத்த வீடு அது.

மட்டாஞ்சேரியில் கைகள் ஒன்றுசேர்ந்த வேறொரு கதை இருக்கிறது, ஒரு கயிற்றின் கதை. ஜூ டவுனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், இன்று கூனன் குரிசு தேவாலயம் இருக்கும் இடத்தில், 1653 ஜனவரி 3ஆம் தேதி தோமா கிறிஸ்தவர்கள் திரண்டு, போர்ச்சுகீசியரின் இயேசு சபை ஆயர்களுக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். எல்லாராலும் சிலுவையைத் தொட முடியாததால் அதில் கயிறுகள் கட்டி, கயிற்றைப் பிடித்தபடி நின்றார்களாம். இழுத்த இழுப்பில் சிலுவை வளைந்ததால் கூனன் குரிசு. ஒரே சிலுவையில் கட்டிய கயிறுகளில் ஆயிரக்கணக்கான கைகள்: வள்ளத்தின் அதே படம். ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தச் சமூகம் இரண்டாகப் பிரிந்தது. பிறகு பிரிவுகள் பெருகின. ஒன்றாகக் கயிறு பிடித்த கணம் உண்மைதான். ஒரு நாள் கோபம் கைகளைச் சேர்க்கும். தினந்தோறும் ஒன்றாகத் துழைய வேறு பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கத்தைப் பள்ளிப்பாடமாகவே வைத்துப் பார்த்தவர் ஒருவர் இந்தியாவின் மறுகோடியில் இருந்தார். செசில் டின்டேல்-பிஸ்கோ, 1884இல் ஆக்ஸ்போர்டுக்கு எதிரான படகுப் பந்தயத்தில் கேம்பிரிட்ஜ் அணிக்குத் திசை சொன்னவர். 1890இல் ஸ்ரீநகருக்கு வந்து சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்தின் பள்ளியை ஏற்றார். தண்டு வலிப்பது ஹாஞ்சி எனப்படும் படகோட்டிகளின் தொழில் என்று மேல்சாதி மாணவர்கள் துடுப்பைத் தொட மறுத்த காலம். அவர் விடவில்லை. பள்ளிச் சின்னத்திலேயே குறுக்காக வைத்த இரண்டு துடுப்புகளைப் பொறித்தார். துடுப்பு உழைப்பும் வலிமையும். இதய வடிவிலான அதன் அலகு இரக்கம். குறுக்காக நிற்பது தன்னையே கொடுக்கும் தியாகம், சிலுவையில் அதைச் செய்தவரின் நினைவு. விளையாட்டுக் கருவியில் விசுவாசப் பாடத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த பள்ளி இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். வெள்ளம் வந்தபோது அவருடைய மாணவர்கள் படகெடுத்துப் போய் ஆட்களைக் காப்பாற்றினார்கள்; பாடம் பலித்தது அங்கேதான். அதே சமயம் அவர் முறையில் கட்டாயமும், ஆளும் இனத்தானின் மிடுக்கும் கலந்திருந்தன. காஷ்மீரிப் பையனை ஆண்மகனாக்க வந்தவர் என்ற தொனி அவர் எழுத்தெங்கும் உண்டு. கேரளத்து வள்ளத்துக்கு அந்தக் குறை இல்லை. அதை எந்த மிஷனரியும் கொண்டுவரவில்லை. யாரையும் திருத்த அது ஏற்பட்டதும் இல்லை.

விளையாட்டை விட்டுக்கொடுத்தும் பாடம் சொன்னவர்கள் உண்டு. 1882 ஓவல் டெஸ்டில் ஆடிய சி.டி. ஸ்டட், புகழின் உச்சியில் கிரிக்கெட்டை விட்டுச் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 1900 முதல் 1906 வரை உதகமண்டலம் யூனியன் சர்ச்சின் போதகராக இருந்தார். ஓட்டக்காரர் எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓடவில்லை. 400 மீட்டரை 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஓய்வுநாளின் அந்த வைராக்கியம் எந்த வேதத்திலிருந்து வந்தது என்பதை ஜூ டவுனுக்குச் சனிக்கிழமை போகிறவர் உடனே உணர்வார்: அன்று பரதேசி ஜெப ஆலயம் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. சமூகம் சுருங்கி ஒரு சிலராகிவிட்ட பிறகும், சுற்றுலாக் கூட்டம் மிகும் வாரக்கடைசியில், கதவு சாத்தியே இருக்கிறது. துடுப்பு நீரைவிட்டு வெளியே இருக்கும் இடைவெளியும் ஓட்டத்தின் பகுதி என்று துழைகிறவர்களுக்குத் தெரியும். ஓய்வுநாள் அந்த இடைவெளியை வாரத்துக்குள் வைக்கிறது.

உவமை பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. போட்டியில் ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்றாக வேண்டும். விசுவாசத்தில் அப்படி இல்லை. புன்னமடைக் காயலில் 1952இல் நேரு பார்த்து மகிழ்ந்த போட்டியிலிருந்து தொடங்கிய நேரு கோப்பை இன்று பெரும் பணமும் பயிற்சி முகாம்களும் புழங்கும் போட்டி. 2019 முதல் நடக்கும் சாம்பியன்ஸ் போட் லீக், மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் எர்ணாகுளம் மரைன் டிரைவுக்கும் சுண்டன்களைக் கொண்டுவந்தது. 2024 நேரு கோப்பையில் காரிச்சால் 4 நிமிடம் 29.785 வினாடியில் முடித்தது, வீயபுரம் 29.790இல். வித்தியாசம் ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்கு. அதன்மேல் முறையீடும் எழுந்தது. கொரிந்துக்குப் பக்கத்து இஸ்த்மஸ் விளையாட்டுகளில் வெற்றிக்குக் கிடைத்தது பைன் மர இலை மாலை அல்லது காய்ந்த செலரித் தழை மாலை. வாடிப்போகும் கிரீடத்துக்கா இவ்வளவு என்று பவுல் கேட்டது அதைப் பார்த்துத்தான். நேரு கோப்பை வெள்ளியில் செய்த சுண்டன் வள்ளம், வாடாது. ஆனால் அது சுழற்கோப்பை. அடுத்த போட்டிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது நேரு கோப்பை தள்ளிவைக்கப்பட்டது. கடலோரத்து மீனவர்கள், கொச்சி தொடங்கித் தெற்கே உள்ள லத்தீன் கத்தோலிக்க ஊர்க்காரர்களும் அவர்களில் பலர், தங்கள் மீன்பிடிப் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு வெள்ளத்துக்குள் போனார்கள். சுமார் 65,000 பேரை அவர்கள் காப்பாற்றியதாக அரசுக் கணக்கு. கூலி கேட்டுப் போனவர்கள் அல்ல. சேதமான படகுகளை மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. மலப்புறம் மாவட்டத்தில் படகில் ஏற முடியாமல் தவித்த பெண்களுக்காக, தானூர்ப் பக்கத்து முஸ்லிம் மீனவர் ஒருவர் நீருக்குள் குனிந்து தம் முதுகையே படியாகக் கொடுத்தார். அந்தப் படம் மாநிலம் முழுக்கப் பரவியது. தேவாலயங்களிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். தள்ளிவைத்த நேரு கோப்பை நவம்பர் 10ஆம் தேதி நடந்தது. வீடுகளில் சேற்றைக் கழுவி முடித்திருந்த குட்டநாட்டுக் காயலோர மக்கள், அன்று மீண்டும் வள்ளங்களைப் புன்னமடையில் இறக்கினார்கள்.